நாங்கள் தொட்ட வரியை அழிக்காதீர்கள்: திரை வரையும் கருவிகளை உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கருவி உருவாக்குநர்களுக்கு,

வணக்கம். க்யூட்டி டிசைனர், லாசரஸ், நெட்பீன்ஸ், டபிள்யூஎக்ஸ்கிளேடு, விண்டோஸ் ஃபார்ம்ஸ் என்று பெயர் எதுவானாலும் சரி, பட்டனையும் பெட்டியையும் மவுஸால் இழுத்துப் போட்டுத் திரை வரையும் கருவியை உருவாக்குகிற, பராமரிக்கிற எல்லோருக்கும் இந்த மடல்.

எழுதுவது பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து. மாநிலம் கேரளம்தான். ஆனால் சந்தைக்கும் சம்பந்தத்துக்கும் பொள்ளாச்சி, கோவை என்று போகிற ஊர் இது. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், கம்ப்யூட்டரில் இங்கிலீஷ். பால் சங்கம், தேங்காய் மண்டி, உரக்கடை என்று சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்குச் சின்னச் சின்னக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பதும், சாயந்திரம் பிள்ளைகளுக்கு நிரல் சொல்லிக் கொடுப்பதும் என் பிழைப்பு. உங்கள் கருவிகள் இல்லையென்றால் இந்தப் பிழைப்பே இல்லை. அந்த நன்றியைச் சொல்லிவிட்டுத்தான் சண்டைக்கு வருகிறேன்.

சண்டை ஒரே விஷயத்துக்கு. நாங்கள் வரைந்த திரைக்காக உங்கள் கருவி எழுதித் தருகிற நிரலை நாங்கள் கையால் திருத்துவோம். திருத்தியே ஆக வேண்டியிருக்கிறது. அடுத்த முறை டிசைனரை, அதாவது திரை வரையும் பக்கத்தைத் திறந்து சேமிக்கும்போது அந்தத் திருத்தம் காணாமல் போகக் கூடாது.

"தானாக எழுதிய நிரலை நீ எதற்குத் தொடுகிறாய்?" என்று கேட்பீர்கள். கேட்டதோடு நிற்காமல் எழுதியும் வைத்திருக்கிறீர்கள். க்யூட்டி டிசைனரில் வரைந்த திரையைப் பைதான் நிரலாக மாற்றுவது பைக்யூட்டியின் பையூஐசி; அது உருவாக்கும் கோப்பின் தலையிலேயே, கையால் செய்த மாற்றமெல்லாம் மறுபடி இயக்கும்போது போய்விடும் என்று எச்சரிக்கை இருக்கிறது. விண்டோஸ் ஃபார்ம்ஸ் திரைகளை வரைகிற விஷுவல் ஸ்டுடியோ, இந்த மெத்தடை (பெயர் வைத்த நிரல் துண்டை) எடிட்டரில் மாற்றாதே என்று மேலே ஒரு குறிப்பு வைக்கிறது. நெட்பீன்ஸ் இன்னும் கறார். அந்தப் பகுதியைச் சாம்பல் நிறம் பூசிப் பூட்டிவிடும். கர்சர் உள்ளே போகும், தட்டினால் ஓர் எழுத்தும் விழாது. வெளியே நோட்பேடில் திறந்து மாற்றினாலும் பயனில்லை. பக்கத்திலேயே ஒரு .ஃபார்ம் கோப்பு இருக்கிறது. அடுத்து டிசைனர் சேமிக்கும்போது அதைப் பார்த்துப் பழையபடியே எழுதிவிடும்.

எதற்குத் தொடுகிறோம் என்று சொல்கிறேன். எங்கள் சித்தூர் தாலுகா கேரளத்தில் பால் அதிகம் கறக்கும் வட்டாரங்களில் ஒன்று. சங்கத்தில் காலையும் மாலையும் பால் ஊற்றுவார்கள். ஒவ்வொரு வேளைக்கும் அளவு, கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு அல்லாத திடப்பொருள்) என்று குறிக்க வேண்டும். அதை வைத்துத்தான் விலை. ஓர் உறுப்பினரின் ஒரு வாரக் கணக்கை ஒரே திரையில் காட்ட வேண்டுமென்றால், அளவுக்கு மட்டுமே 14 பெட்டி. விண்டோஸ் ஃபார்ம்ஸ் டிசைனர் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸுக்குக் குறைந்தது ஏழு வரி எழுதுகிறது: உருவாக்க ஒன்று, இடத்துக்கு ஒன்று, பெயருக்கு, அளவுக்கு, டேப் வரிசைக்கு, ஃபார்மில் சேர்க்க, கடைசியில் அறிவிப்புக்கு என்று. 14 பெட்டிக்கு 98 வரி. கொழுப்பும் எஸ்.என்.எஃப்.உம் சேர்ந்தால் 294 வரி. கையால் எழுதுகிறவர் ஒரு லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) போட்டுப் பத்துப் பதினைந்து வரியில் முடித்துவிடுவார். (கட்டம் கட்டமான கிரிட் வைக்கலாமே என்று சொல்லாதீர்கள். விடியற்காலையில் ஈரக் கையோடு நம்பர் தட்டுகிறவருக்குப் பெரிய பெட்டிதான் சரிப்படும்.)

அந்த லூப்பை டிசைனர் எழுதுகிற மெத்தடுக்குள் எழுதினால் டிசைனர் திரையைத் திறக்கவே மறுக்கிறது. எழுதிய மாற்றத்தை எடுத்துவிட்டு வா என்கிறது. ஆகவே லூப்பை வெளியே, மெத்தட் முடிந்த பிறகு எழுதுகிறோம். இப்போது பாதித் திரை டிசைனரில், பாதித் திரை கைநிரலில். கையால் சேர்த்த பெட்டிகள் டிசைனரில் தெரியாது, ஓட்டும்போது மட்டும் முளைக்கும். புதிதாக வந்தவர் டிசைனரைத் திறந்து, இங்கே இடம் காலியாக இருக்கிறதே என்று ஒரு பட்டனைக் கொண்டுவந்து வைப்பார். ஓட்டும்போது அது அங்கே முளைக்கும் பெட்டிகளை மறைத்துக்கொண்டு நிற்கும்.

அந்தப் புதிதாக வந்தவரைப் பற்றித்தான் நீங்கள் யோசிப்பதே இல்லை என்பது என் முக்கியமான வருத்தம். உங்கள் விளம்பரப் படங்களில் எப்போதும் வரைகிறவர்தான் இருக்கிறார். ஒரு பட்டனை இழுத்துப் போடுகிறார், இரண்டு முறை கிளிக் செய்கிறார், வேலை முடிந்தது. எங்கள் ஊரில் வரைந்த பையன் அடுத்த வருஷமே கோவைக்கோ கொச்சிக்கோ பெங்களூருக்கோ போய்விடுவான். மென்பொருள் இங்கேயே இருக்கும். சங்கத்துச் செக்ரட்டரி, "ஏனுங்க, தீவனப் பாக்கிக்கு இங்கொரு பெட்டி வெச்சுக் குடுங்க, அவ்வளவுதானுங்களே" என்பார். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவைச் செய்ய வருகிறவர், திரையை ஒரு நாளும் பார்த்திராத ஆள். அவருக்கு நிரல்தான் கதி. அதைத் திறந்தால் பட்டன்1, பட்டன்2, லேபிள்23, டெக்ஸ்ட்பாக்ஸ்9.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இதைச் சரிசெய்ய உங்களுக்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஒரு பெட்டியை இழுத்துப் போட்ட கணத்திலேயே அதற்கு ஒரு பெயர் கேளுங்கள். வேண்டாமென்றால் எஸ்கேப் அழுத்திவிட்டுப் போகட்டும். அல்லது பக்கத்தில் இருக்கும் லேபிளைப் பார்த்துக் கருவியே ஒரு பெயரை முன்மொழியட்டும். பெயர் வைக்காத பட்டன் ஐந்தாறு சேர்ந்ததும் ஓரத்தில் ஒரு மஞ்சள் குறி காட்டுங்கள். எழுத்துப்பிழைக்கெல்லாம் சிவப்புக் கோடு போடுகிற காலத்தில் இது ஒரு பாரமா?

பெயரைப் பிறகு மாற்றினால் கூடவே மாற வேண்டியவையும் மாற வேண்டும். விண்டோஸ் ஃபார்ம்ஸில் பட்டன்1 என்பதைச் சேமிப்புப் பட்டன் என்று மாற்றுங்கள். அதைக் கிளிக் செய்தால் ஓடும் மெத்தட் 'பட்டன்1_கிளிக்' என்றேதான் நிற்கும். சில மாதம் கழித்துப் பார்க்கிறவர் பட்டன்1 எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார். அந்த மெத்தடைத் தேவையில்லை என்று நிரலில் அழித்தால் இன்னும் வேடிக்கை. அதை இணைக்கும் வரி வேறொரு கோப்பில் அப்படியே இருக்கும், நிரல் கம்பைல் ஆகாது, டிசைனரும் திறக்காது. முதல் மாதம் படிக்கிற பிள்ளைகளில் இதில் மாட்டாதவர் யாரும் கிடையாது. 1995இல் வந்த டெல்ஃபி இதை எவ்வளவு பக்குவமாகக் கையாண்டது பாருங்கள். மெத்தடை அழித்துவிட்டால், இந்தப் பட்டன் குறிப்பிடும் மெத்தட் இல்லையே, இணைப்பை நீக்கிவிடட்டுமா என்று கேட்கும். உள்ளே ஒன்றுமே எழுதாமல் விட்ட மெத்தடைச் சேமிக்கும்போது தானே துடைத்துவிடும். முப்பது வருஷத்துக்கு முன்னால் தெரிந்திருந்த மரியாதை இது.

டெல்ஃபியைப் புகழ்ந்த கையோடு ஒரு குட்டும் வைக்க வேண்டும். அதன் திரைக் கோப்பில் பட்டனின் தலைப்பாகப் 'பால்' என்று தமிழில் எழுதிச் சேமித்தால், கோப்புக்குள் அது #2986#3006#2994#3021 என்று கிடக்கும். யூனிகோட் எண்கள், கணினிக்குக் குழப்பமில்லை. ஆனால் இதை எடிட்டரில் திறந்து திருத்த வேண்டியவர் மனிதர். 'பால்' எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது. ஜாவா உலகத்திலும் இதே கதை நெடுங்காலம் நடந்தது. திரை வாசகங்களைத் தனியாக வைக்கும் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பை ஜாவா லத்தீன் எழுத்துக் குறிமுறையில்தான் வாசித்தது. தமிழோ மலையாளமோ எழுதினால் எழுத்துக்கு ஒரு குறியெண்ணாக உடைத்து வைக்க வேண்டியிருந்தது. 2017இல் வந்த ஜாவா 9தான் அந்தக் கோப்புகளை எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. இரண்டு மொழியில் திரை வேண்டும் என்று கேட்கிற எங்களைப் போன்ற எல்லையோரத்துக்காரர்களுக்கு இது சில்லறை விஷயம் அல்ல. சங்கத்தில் பதிவேடு மலையாளத்தில், பால் ஊற்ற வருகிறவர் பேசுவது தமிழில். ஒரு வாசகத்தைச் சரிபார்க்க நிரல் தெரியாத ஓர் ஆசிரியரிடம் கோப்பைக் கொடுக்க முடிய வேண்டும். அவர் படிக்கக்கூடிய எழுத்தில் அது இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் க்யூட்டிக்காரர்களுக்கு ஒரு சபாஷ். உங்கள் கருவி எழுதும் நிரலில் திரையைக் கட்டுவது ஒரு மெத்தட், வாசகங்களை எல்லாம் போடுவது இன்னொரு மெத்தட் என்று பிரித்துத் தருகிறீர்கள். முதல் முறை திறக்கிறவருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரிந்துவிடுகிறது. விண்டோஸ் ஃபார்ம்ஸும் மொழிவாரியாக வாசகத்தைத் தனிக் கோப்பில் வைக்கும். அதோடு பட்டனின் அகலத்தையும் இடத்தையும்கூட மொழிவாரியாக வைக்க விடும். இங்கிலீஷில் நாலு எழுத்தில் முடிகிற பட்டன் தமிழில் 'பதிவு செய்க' என்று நீளும், மலையாளத்தில் அதைவிட நீளும். ஆகவே அதன் அருமை எங்களுக்குத் தெரியும். ஆனாலும் புள்ளிக் கணக்கில் இடம் குறித்து வைக்கிற பழக்கத்தை விட்டு, உள்ளே இருக்கும் வாசகத்துக்குத் தக்கபடி விரியும் அமைப்பையே கருவி முதலில் தர வேண்டும் என்பேன். இப்போது பல கருவிகளில் அதைத் தேடிப் போய்த்தான் போட வேண்டியிருக்கிறது. தொடக்கக்காரர் தேடுவதில்லை.

இரண்டு பேர் சேர்ந்து ஒரு திரையில் வேலை செய்தால் வரும் அவஸ்தை தனி. ஒருவரின் லேப்டாப்பில் திரையின் உருப்பெருக்கம் 100 சதவீதம், இன்னொருவருடையதில் 125. விண்டோஸ் ஃபார்ம்ஸ் திரையை இரண்டாமவர் திறந்து ஒரே ஒரு லேபிளின் எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமிப்பார். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டும் கிட் கருவியில் போட்டுப் பார்த்தால் அந்தத் திரையின் ஒவ்வொரு பெட்டியின் இடமும் அளவும் மாறியதாகக் காட்டும். நூறு வரி சிவப்பு, நூறு வரி பச்சை. அதற்குள் உண்மையான திருத்தம் எது என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும். ஆப்பிளின் கருவிகளில் இடம் சிக்கல் இல்லை, அடையாளச் சிக்கல். ஒவ்வொரு உருப்படிக்கும் கருவி வைக்கிற பெயர் மூன்று துண்டாக ஒட்டிய அர்த்தமில்லாத எழுத்துச் சரம். இருவரின் மாற்றங்களை இணைக்கிறவர் எதை வைத்து எது என்று சொல்வார்? என் கோரிக்கை எளிது. பயனர் தொடாத எதையும் கருவி தொடக் கூடாது. வரிசை மாறக் கூடாது, எண்கள் மாறக் கூடாது. ஒரு லேபிளைத் திருத்தினால் கோப்பில் ஒரு வரி மட்டும் மாற வேண்டும்.

இதெல்லாம் ஆகாத காரியம் என்று சொல்வீர்களோ என்று கொஞ்சம் பழைய கதையைப் புரட்டிப் பார்த்தேன். ஆகிற காரியம்தான். 1997இல் மேக்ரோமீடியா ட்ரீம்வீவரைக் கொண்டுவந்தபோது, கையால் எழுதிய எச்டிஎம்எல்லைக் கருவி கலைக்காது என்பதையே அதன் பெரிய சிறப்பாகச் சொல்லி விற்றார்கள். ஃப்ரண்ட்பேஜ் மாதிரியான கருவிகள் எழுதியதையெல்லாம் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஜாவாவில், எக்லிப்ஸ் என்ற நிரல் எழுதும் கருவிக்கான விண்டோபில்டர் இன்னும் துணிச்சல். அதற்கென்று தனித் திரைக் கோப்பே கிடையாது. நிரலையே படித்து, அதிலிருந்து திரையை வரைந்து காட்டும். நிரலில் மாற்றினால் திரை மாறும், திரையில் மாற்றினால் நிரல் மாறும். கூகுள் 2010இல் அதை உருவாக்கிய நிறுவனத்தை வாங்கி, அந்தக் கருவியை எக்லிப்ஸுக்குக் கொடையாகக் கொடுத்தது. எல்லாவித நிரல் நடையையும் அதனால் படித்துவிட முடியாது. சுற்றி வளைத்து எழுதினால் திணறும். அப்படித் திணறுவது எனக்குப் பரவாயில்லை. புரியாத வரியைப் புரியவில்லை என்று காட்டிவிட்டு அப்படியே விட்டுவைத்தால் போதும். புரியாததை அழிப்பதுதான் தப்பு.

டபிள்யூஎக்ஸ்கிளேடு நடுவழியில் போகிறது. தான் எழுதும் பகுதிக்கு மேலும் கீழும் தொடக்கம், முடிவு என்று குறி வைத்து, வெளியே நாம் எழுதியதைத் தொடாமல் விடும். வயலுக்கு வரப்பு வைத்த மாதிரி, யாருடைய மண் எது என்று இரண்டு பேருக்கும் தெரியும். மைக்ரோசாஃப்ட் 2005இல் ஒரே கிளாஸின் நிரலை இரண்டு கோப்பாகப் பிரிக்கும் வசதியைக் கொண்டுவந்து, டிசைனர் நிரலை முழுக்கத் தனிக் கோப்புக்குக் கொண்டுபோனது. பலர் அதைப் பெரிய விடுதலை என்பார்கள். எனக்கு அவ்வளவு உற்சாகமில்லை. கண்ணில் படாமல் ஒதுக்கிவைத்ததே தவிர, அந்த நிரல் திருத்த எளிதாகிவிடவில்லை. முன்னாலாவது கண்ணெதிரே இருந்து உறுத்திக்கொண்டிருந்தது.

இன்னொரு கட்சியும் இருக்கிறது: நிரலே எழுதாதே என்பவர்கள். 1988இல் நெக்ஸ்ட் கம்ப்யூட்டரோடு வந்த இன்டர்ஃபேஸ் பில்டர், திரையை நிரலாக எழுதாமல் பொருள்களாகவே கோப்பில் சேமித்தது. லினக்ஸில் புழங்கும் ஜிடிகேயின் திரை வரையும் கருவியான கிளேடு முதலில் சி நிரல் எழுதித் தந்துகொண்டிருந்தது. கிளேடு 3இல் அந்த வேலையையே கைவிட்டு, எக்ஸ்எம்எல் கோப்பை மட்டும் தரத் தொடங்கினார்கள். க்யூட்டியிலும் .யூஐ கோப்பை நிரலாக மாற்றாமல், ஓடும்போதே ஏற்றிக்கொள்ளலாம். எங்கள் வேலைகளில் முடிந்த இடத்தில் எல்லாம் நான் இந்த வழியைத்தான் எடுக்கிறேன். கையால் திருத்த ஒரே ஒரு கோப்பு, அழிந்துபோக இரண்டாவது பிரதி இல்லை. ஆனால் 14 பெட்டி லூப்புக்கு இங்கேயும் இடமில்லை. ஒன்றைப் பலமுறை போடு என்று திரைக் கோப்பிலேயே சொல்ல ஒரு வழி கொடுத்தீர்களானால், எங்கள் கைநிரலில் பாதி மறைந்துவிடும்.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேரளத்தில் 2001இல் பள்ளிகளில் கணினிக் கல்விக்கான ஐடி@ஸ்கூல் திட்டம் தொடங்கியது. இப்போது அது கைட் என்ற பெயரில் நடக்கிறது. பள்ளிக் கணினிகளில் லினக்ஸும் கட்டற்ற மென்பொருளும்தான். எங்கள் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளைகளும் அதில்தான் பழகுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கிற பழக்கம் அவர்களுக்குச் சின்ன வயசிலேயே வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட பிள்ளை என்னிடம் வந்து முதல் திரையை வரைந்ததும் செய்வது, கருவி என்ன எழுதியது என்று திறந்து பார்ப்பதுதான். அந்தப் பிள்ளை வாழ்க்கையில் பார்க்கிற முதல் நீளமான நிரல் நீங்கள் எழுதியது. அதில் அர்த்தமில்லாத பெயர்கள், ஒரே வரி பத்துத் தடவை, எதற்கு என்று விளங்காத எண்கள். நிரல் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று எடுத்துக்கொள்கிறது, அடுத்த வாரம் தானும் அப்படியே எழுதிக்கொண்டு வருகிறது. திருத்தினால், "கம்ப்யூட்டரே இப்படித்தானே சார் எழுதுச்சு" என்று பதில் வருகிறது. என்னிடம் அதற்கு மறுபேச்சு இல்லை.

அதனால் கேட்கிறேன்: உங்கள் குழுவில் ஒருவர் கையால் எழுதிய நிரலை எந்தக் கண்ணால் பார்ப்பீர்களோ, அதே கண்ணால் கருவி எழுதும் நிரலையும் பாருங்கள். ஒரு பட்டனைப் பற்றிய வரிகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். மேலே உருவாக்கி, நடுவில் நிறம் கொடுத்து, கடைசியில் அறிவிக்கிற வழக்கம் வேண்டாம். வழக்கமான மதிப்பையே மறுபடி எழுதும் வரிகளை விட்டுவிடுங்கள். திரையின் ஒரு பகுதியைத் தனி மெத்தடாகப் பிரி என்று வரைகிறவர் சொல்ல வழி இருக்கட்டும். ஃப்ரேமோ பேனலோ வரைந்தால் அதுவே இயல்பாக ஒரு மெத்தட் ஆகலாமே.

இனி டிசைனரே எதற்கு, படத்தைக் காட்டினால் செயற்கை நுண்ணறிவு திரைக்கு நிரல் எழுதிவிடுகிறதே என்று சிலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். நானும் பயன்படுத்திப் பார்க்கிறேன். பெயரெல்லாம் அழகாக வைக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு பெட்டியை மட்டும் அகலமாக்கு என்றால் சில நேரம் முழுத் திரையையும் புதிதாக எழுதித் தருகிறது. நடுவில் நான் கையால் செய்தது போன இடம் தெரியாது. உங்கள் பழைய நோய் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். கையால் தொட்ட வரியை மதிக்கிற வழியை நீங்கள் முதலில் கண்டுபிடித்து வைத்தால் அவர்களுக்கும் உதவும்.

உங்களில் பலர் சம்பளம் இல்லாமல், வேலை முடிந்து வந்த பிறகு இந்தக் கருவிகளைப் பராமரிக்கிறீர்கள் என்று தெரியும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்யச் சொல்லவில்லை. எது முதலில் என்று கேட்டால், கைத்திருத்தம் அழியப் போகிறது என்று கருவிக்குத் தெரிகிற நேரத்தில் அது நிற்கட்டும். நின்று, இந்தந்த வரிகள் நான் எழுதியவை அல்ல, என்ன செய்யட்டும் என்று கேட்கட்டும். பழையதையும் புதியதையும் அருகருகே காட்டட்டும். கோப்பின் தலையில் எச்சரிக்கை எழுதிவைப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். கடைசியாகத் தான் எழுதியது என்ன என்று கருவி நினைவு வைத்திருந்தால், இடையில் யார் எதை மாற்றினார்கள் என்று ஒப்பிட்டுச் சொல்வது கிட் தினமும் செய்கிற வேலைதான்.

பெயர் கேட்கும் பெட்டி இரண்டாவது. தமிழும் மலையாளமும் கோப்பில் எழுத்தாகவே இருப்பது மூன்றாவது. அதற்குச் சோதனை செய்ய ஆள் வேண்டுமென்றால் எங்களைக் கேளுங்கள். இரண்டு மொழியும் படிக்கத் தெரிந்த, எதையும் திறந்து பார்த்துவிடுகிற பிள்ளைகள் இங்கே நிறைய இருக்கிறார்கள். பழைய லேப்டாப்பில், 125 சதவீதத் திரையில், நீளமான மலையாள வாசகத்தைப் போட்டு உங்கள் கருவி எங்கே உடைகிறது என்று எழுதி அனுப்புவோம். பிழை அறிக்கையை மட்டும் இங்கிலீஷில் எழுத நான் கூட உட்கார்ந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு நிரலர்